பள்ளத் தெருவின் கடைசிக் குழாய்

தேனை எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று உலகம் கேட்கும். கேட்டுவிட்டுத் தன் புறங்கையையும் நக்கிக்கொள்ளும். தண்ணிக்காரர் அந்தப் பழமொழிக்கு அடங்காத ஆள். அந்தப் பகுதிக்குப் போகும் தண்ணீர் முழுக்க அவர் கையால்தான் திறந்து மூடப்பட்டது. ஆனாலும் அவர் வீட்டுச் சமையலறையில் குடங்கள் வரிசை கட்டித்தான் நிற்கும். அவர் குடியிருந்த தெருவின் முறை கடைசி. ஒரு நாளாவது முறையை மாற்றி முன்னால் திறந்துவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று அவர் மனைவி கேட்காத கோடை கிடையாது.

"கல்யாணம் பேசும்போது ஊரே உங்க கையிலன்னு சொன்னாங்க. நானும் நம்பி வந்தேன். ஊர் உங்க கையில, குடம் என் இடுப்புல," என்பாள்.

அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. காசு சேர்க்கத் தெரியாதவர்களுக்கு வேறு ஏதாவது சேரும். இவருக்கு நல்ல பேர் சேர்ந்திருந்தது. சைக்கிளில் போகும்போது யாராவது "தண்ணிக்காரர்னா தராசுப்பா" என்று சொன்னால், காதில் விழாதது போலப் போவார். ஆனால் மிதிப்பது கொஞ்சம் மெதுவாகிவிடும்.

வேலையைப் பார்த்தால் குழந்தைகூடச் செய்யலாம் போலத் தோன்றும். ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. சைக்கிளின் பக்கவாட்டில் அதைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். சாலையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, உள்ளே சாவியை இறக்கி, வால்வைத் திருப்புவார். தெருவுக்குள் குழாய்கள் முதலில் இருமும், பிறகு காற்றைத் துப்பும், அப்புறம் தண்ணீர் வரும். முறை முடிந்ததும் மூடிவிட்டு அடுத்த மூடிக்குப் போவார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இது குழந்தை விளையாட்டு இல்லை. தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய் ஒரு முச்சந்தியில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேட்டுத் தெருவுக்கு ஏறும். இன்னொன்று பள்ளத் தெருவுக்கு இறங்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் முறை. தண்ணீருக்கு நியாயம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். இரண்டையும் முழுசாகத் திறந்தால் பள்ளத் தெரு குளிக்கும், மேட்டுத் தெரு வேடிக்கை பார்க்கும். அதனால் பள்ளத் தெரு வால்வை இறுக்கிப் பிடித்து, மேட்டுக்கும் தண்ணீர் ஏறும்படி ஓர் அளவில் நிறுத்த வேண்டும். அதிகம் இறுக்கினாலும் வம்பு. பேர்தான் பள்ளத் தெரு. பாதிக்கு மேல் போனதும் அது வளைந்து கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தில் இருக்கும் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் முக்கி முனகித்தான் போய்ச் சேரும். வால்வு கொஞ்சம் இறுகினாலும் முதலில் காய்வது அந்தக் குழாய்கள்தான்.

அந்தச் சரியான அளவுக்கு அடையாளமோ கோடோ எதுவும் இல்லை. அது தண்ணிக்காரரின் மணிக்கட்டில் இருந்தது. அவர் எந்த அளவில் நிறுத்தினாரோ அதுதான் இரண்டு தெருவுக்கும் நியாயம். யாரும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

இந்த நிலையில்தான் அவருடைய ஒரே மகளை மேட்டுத் தெருவில் கட்டிக்கொடுத்தார்.

நல்ல இடம். மாப்பிள்ளை தங்கம். சம்பந்தியம்மாவுக்கு மட்டும் வாய் கொஞ்சம் நீளம். கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. சிரிக்க வைத்தே குத்தும் ரகம். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை மகளைப் பார்க்கப் போனபோது சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, சித்தி, அவர்கள் மகன்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கை கழுவ எழுந்த தண்ணிக்காரர் குழாயைத் திறந்தார். நூல் மாதிரி வந்தது. பின்னாலேயே சம்பந்தியம்மா ஒரு சொம்போடு வந்தாள்.

"இந்தாங்க சம்பந்தி, இதுல கழுவிக்கங்க. ஊருக்கெல்லாம் தண்ணி விடறவர் பொண்ண எடுத்தோம். எங்க குழாய்க்கு அது இன்னும் தெரியல போலிருக்கு."

கூடம் முழுக்கச் சிரித்தது. தண்ணிக்காரரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பரிமாறிக்கொண்டே இருந்தாள்; கரண்டி பாத்திரத்தில் இரண்டு தடவை இடித்தது. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகத்தில் நின்றது.

மறுநாள் விடியற்காலையில் முச்சந்தியில் சாவியை இறக்கினார். வழக்கமான இடத்தில் கை நின்றது. பிறகு, யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், இன்னும் கொஞ்சம் இறுகியது. கொஞ்சம்தான். மூடியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே கை அவருடையது. நெய், கடைசி வீட்டுக்காரர்களுடையது.

அந்த வாரக் கடைசியில் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, இப்பல்லாம் தண்ணி நல்லா வருதுப்பா. அத்தை ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. நீ வந்த நேரம்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டிருந்தாங்க."

"அப்படியா," என்றார். "நல்லதும்மா."

போனை வைத்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஒரு தகப்பனால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன செய்ய முடியும்? நகை போடுவான், சீர் செய்வான், கடன்படுவான். இவர் மணிக்கட்டைத் திருப்பினார். பெண்ணுக்கு மரியாதை கிடைத்தது. சல்லிக்காசு செலவில்லை என்று நினைத்தார். செலவு வேறு வீட்டில் எழுதப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

ஆனால் தண்ணீர் தாராளமாக வந்தால் அதற்கு வேலையும் தாராளமாக வந்துவிடும். மேட்டுத் தெருவில் வாசல்களைத் துடைத்தவர்கள் கழுவ ஆரம்பித்தார்கள். சம்பந்தி வீட்டில் மாடியில் இரண்டாவது தொட்டி வைத்தார்கள். இரண்டு தொட்டியும் நிறைவதில்லை என்று சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் கை இன்னும் கொஞ்சம் இறுகியது. பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, மாடித் தொட்டி நிரம்பிச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. வழிந்த இடமெல்லாம் பச்சைப் பாசி. கீழே மாப்பிள்ளையின் தம்பி குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. ஒரு வாரம் பொறுத்துக் குறைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த ஒரு வாரம் முடிவதாக இல்லை.

இதற்குள் பள்ளத் தெருவின் கடைசி வீடுகளில் வாய்ச்சண்டை தொடங்கியிருந்தது. கடைசி வீட்டில் ஒரு தையல்காரம்மா. மாமனார் படுத்த படுக்கை; எல்லாம் படுக்கையிலேயே. துணி அலசத் தண்ணீர் இல்லாமல், தெருவின் நடுப்பகுதியில் இருக்கும் உறவுக்காரி வீட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் தண்ணிக்காரரை ஒருநாள் வழியில் நிறுத்தினாள்.

"அண்ணே, எங்க பக்கம் சுத்தமா வரலண்ணே. குழாய்ல அடைப்பு ஏதாவது இருக்குமா?"

"பாக்கறேம்மா," என்றார்.

பார்க்க என்ன இருக்கிறது? அன்றைக்கே கையைத் தளர்த்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தளர்த்தினால் மேட்டுத் தெருவில் குறையும். குறைந்தால் சம்பந்தியம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு பெரிய மனுஷர் ஊர்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார். கேட்டால் நமக்கே வெட்கமாக இருக்கிறது, அவருக்கு இருக்காதா?

அடைப்பு இல்லை என்றால் திருட்டுத்தான் என்று தெரு முடிவு கட்டியது. திருட்டு என்றால் திருடர் வேண்டும். தெருச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகியும் கூட்டத்தைப் பார்த்தால் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றுதான் வாய் வரும். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசுபவர். அவர் ஒரு காலை நேரம் வீடு வீடாகக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தார். தெரு வளையும் இடம் வரை தண்ணீர் வந்தது. அதற்கு அப்புறம் இல்லை. வளைவில் இருந்த வீடு செடிக்காரம்மாவுடையது.

செடிக்காரம்மா பூச்செடி, பழக்கன்று வளர்த்து விற்பவள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகள். வாசலிலிருந்து கொல்லை வரை தொட்டியும் பையுமாகச் செடிகள். தெருவே காய்ந்து கிடக்கும்போது அவள் வாசல் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர், மூலையிலிருக்கும் டீக்கடையில் டம்ளர் அலம்பிய தண்ணீர் என்று சேர்த்துச் சேர்த்து ஊற்றியதால் வந்த பச்சை அது. ஆனால் பச்சைக்குப் பின்னால் என்ன பாடு என்று யார் பார்த்தார்கள்? கொல்லையில் ஒரு சின்ன மோட்டார் வேறு இருந்தது. தரைத்தொட்டியில் பிடித்து வைத்ததைச் செடிகளுக்கு ஏற்றும் மோட்டார். தெருக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதையும் யாரும் பார்க்கவில்லை. வளைவு வரை தண்ணீர், வளைவில் ஒரு மோட்டார், அதைச் சுற்றிப் பச்சை. கண்டக்டருக்கு டிக்கெட் எடுக்காத முகம் கிடைத்துவிட்டது.

விடுமுறை நாளில் கண்டக்டர் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். தண்ணிக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் போனபோது செடிக்காரம்மா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் தெருக் குழாய்ல மோட்டார் வைக்கல. புள்ளைங்க மேல சத்தியம்," என்றாள்.

"சத்தியமெல்லாம் எதுக்கு," என்றார் கண்டக்டர். "தெரிஞ்சவர் ஒருத்தர் வந்திருக்கார், அவரையே கேட்டுடுவோம். அண்ணே, நீங்க நடுவுல நில்லுங்க. உங்க வாய்ல பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். நடுவுல ஒரு வீட்டுல மோட்டார் போட்டு இழுத்தா, அதுக்கு அந்தப் பக்கம் தண்ணி வருமா வராதா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். செடிக்காரம்மாவும் பார்த்தாள். அவள் பார்வையில் பயம் இல்லை. இவர் வந்துவிட்டார், இனி சரியாகிவிடும் என்பது போல இருந்தது.

தண்ணிக்காரர் அவளை விட்டுக் கண்டக்டர் பக்கம் திரும்பினார். "வராதுதான்," என்றார்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. மோட்டார் போட்டால் வராதுதான். உலகத்தில் எந்தக் குழாய்க்காரரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். உண்மையை வைத்து இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் செடிக்காரம்மாவைப் பேச விடவில்லை. மோட்டாரைக் கழற்ற வேண்டும், மூன்று மாதம் அவள் இணைப்பை அடைத்து வைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறுநாளே ஒரு பிளம்பரைக் கூட்டிவந்து அடைத்தார்கள்.

அன்றிரவு தண்ணிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியம்மா சிரித்தால் சிரிக்கட்டும், இனி ஒரு நாளும் தாங்காது என்று, மறுநாள் விடியற்காலையில் வால்வைப் பழைய அளவுக்கே தளர்த்திவிட்டார். கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் போய்விட்டால் கோபம் அடங்கிவிடும், அந்தம்மாவையும் மன்னித்து விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். பாவம், கணக்கில் எப்போதும் கெட்டிக்காரர் இல்லை.

தண்ணீர் வந்தது. கடைசி வீட்டுக் குழாய் இருமி, துப்பி, பிறகு கொட்டியது. தையல்காரம்மா வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து எல்லாரையும் கூப்பிட்டாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விழுந்த பழத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் காக்கையைப் பற்றி யார் போய் விளக்குவது? நேற்று அடைத்தார்கள், இன்று வருகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"பாத்தீங்களாண்ணே," என்றார் கண்டக்டர், அவர் கையைப் பிடித்துக் குலுக்கி. "நீங்க மட்டும் அன்னைக்கு அந்த வார்த்தை சொல்லலன்னா இன்னும் அந்தம்மா நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டிருக்கும். உள்ள வாங்க, ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தார். அந்தக் காபியை வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நடுவில் சர்க்கரை போட்ட காபி.

அதற்கப்புறம் வளைவு வழியாகப் போவதை விட்டுவிட்டார். போகாவிட்டாலும் கண்ணில் படாமல் இருக்குமா? செடிக்காரம்மாவும் பிள்ளைகளும் பெரிய சாலையைத் தாண்டி அடிபம்புக்குப் போய்க் குடத்தில் கொண்டுவந்தார்கள். குடிக்கவும் குளிக்கவுமே சரியாக இருந்தது. வாசல் வரிசையிலிருந்த கன்றுகள் முதலில் இலையைத் தொங்கப்போட்டன. பிறகு பழுத்தன. வாங்க வருபவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தெருவில் குழந்தைகள் அவள் பிள்ளைகளைப் பார்த்து "மோட்டார், மோட்டார்" என்று கத்தின. சின்னவள் பதிலுக்குக் கல்லை எடுத்தாளாம். பெரியவள் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்றாளாம்.

அவளாகவே ஒருநாள் முச்சந்திக்கு வந்து நின்றாள். தண்ணிக்காரர் மூடியைப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். ஒரு விதத்தில் கேட்டுவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னுதான் வந்தேன்," என்றாள். "அன்னைக்கு நான் வீம்புக்குச் சத்தியம் பண்ணிட்டேன். நீங்க சொன்னப்புறம்தான் யோசிச்சேன். மோட்டார் தெருக் குழாயில இல்லதான். ஆனா தரைத்தொட்டி வழியா எப்படியோ இழுத்திருக்கும் போல. எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. அடைச்ச மறுநாளே எல்லாருக்கும் தண்ணி வந்துடுச்சே. கடைசி வீடுங்களுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன். தையல்காரம்மா மூஞ்சிலயே கதவச் சாத்துச்சு. சாத்தட்டும், அந்தம்மா பட்ட பாடு அப்படி."

தண்ணிக்காரர் சாவியைச் சைக்கிளில் கட்டக் குனிந்தார்.

"உங்கள எல்லாரும் தப்பா நினைக்கற மாதிரி ஆயிடுச்சு, அடைப்பு, அது இதுன்னு. தெரியாம செஞ்சதுண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

கும்பிட்டுவிட்டுப் போனாள். தண்ணிக்காரர் அங்கேயே, சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். திருடாதவளைத் திருடி என்று ஊர் நம்பியது ஒரு பக்கம். அவளையே நம்ப வைத்துவிட்டாரே. சொந்தக் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, தண்ணிக்காரர் சொன்னார் என்பதற்காக அவள் தன்னையே திருடியாக ஏற்றுக்கொண்டு வாசல் வாசலாகப் போயிருக்கிறாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நல்ல பேர் இதற்குத்தான் உதவியிருக்கிறது. வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்திருந்தார். அது இல்லை. எழுந்திருக்க முடியாமல் போவது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் எல்லாம் கேட்டுவிட்டு, வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு குடம் கூட விட மனசு வராத கை," என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சொல்லித்தான் ஆகணுமா? வால்வ சரி பண்ணிட்டீங்க இல்ல? பொண்ணு வாழற வீடுங்க அது."

"செடிக்காரம்மா வீடும் ஒரு வீடுதானே," என்றார் அவர்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவரே போய்க் கண்டக்டரிடம் கூட்டம் போடச் சொன்னார். தெரு கூடியது. வரமாட்டேன் என்ற செடிக்காரம்மாவை, வந்தே ஆகவேண்டும் என்று ஆள் விட்டுக் கூப்பிட்டார். நடுவில் நின்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தண்ணீரைப் பிடித்தது தான்தான், இந்தம்மா சொட்டுத் தண்ணீர் திருடவில்லை என்றார்.

யாரும் நம்பவில்லை.

நம்பாதது மட்டும் இல்லை, நெகிழ்ந்தும் போனார்கள். "பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட மனுசர்," என்றார் கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்து. "அந்தம்மா கஷ்டத்தப் பாக்க முடியாம பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறார். அண்ணே, உங்களுக்காக வேணும்னா தண்டனையக் குறைச்சுக்கறோம். அதுக்காக இப்படியெல்லாம் பேசாதீங்க." தலைகள் ஆடின. ஒரு பெரியவர் வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தண்ணிக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் போதும் என்றிருந்தது.

"சரி," என்றார். "எல்லாரும் கடைசி வீட்டுக் குழாய்கிட்ட போய் நில்லுங்க. திறந்து வெச்சுக்கங்க. கண்டக்டர் சார், நீங்க வளைவுல நின்னு விசில் அடிங்க. தண்ணி கொட்டினா ஒரு விசில், நின்னா ரெண்டு."

விடியற்காலையில் அவர் திறந்துவிட்டு வந்த முறை இன்னும் முடியவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முச்சந்திக்குத் தனியாக நடந்து வந்தார். சாவியை இறக்கினார். ஒரு விசில் கேட்டது. பழைய திருட்டு அளவுக்கு வால்வை இறுக்கினார். காத்திருந்தார். அப்புறம் இரண்டு விசில் கேட்டது. இரண்டாவது விசில் பாதியிலேயே நின்றுபோயிற்று.

வால்வைத் தளர்த்திவிட்டு அவர் திரும்பிப் போனபோது கூட்டம் அப்படியே நின்றிருந்தது. செடிக்காரம்மாவின் இணைப்பு அடைத்தபடிதான் இருந்தது. கழற்றிய மோட்டார் கண்டக்டர் வீட்டுத் திண்ணையில் கிடந்தது. இனி யாரைச் சொல்வது? தையல்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மேட்டுத் தெருவுல உங்களுக்கு யாரு?"

"என் பொண்ணு," என்றார்.

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையல்காரம்மா செடிக்காரம்மாவின் பக்கம் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, பிளம்பரைத் தேடிப் போனார். செடிக்காரம்மா மட்டும் தண்ணிக்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் வீடு வீடா போய் மன்னிப்புக் கேட்டேனேண்ணே," என்றாள்.

மேட்டுத் தெருவுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? அன்று மாலையே சம்பந்தியம்மா போன் பண்ணினாள். "நாங்க கேட்டமா சம்பந்தி? ஒரு பேச்சுக்குச் சிரிச்சத வெச்சு எங்க குடும்பத்தையே தண்ணித் திருடங்க ஆக்கிட்டீங்களே," என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதிலும் தப்பில்லை. கடைசியில் மகள் போனை வாங்கினாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"எனக்குத் தெரியும்ப்பா. தொட்டி வழியறப்பவே தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்கப்பா."

"சரிம்மா," என்றார்.

அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்றுதான் எதிர்பார்த்தார். பள்ளத் தெருவில் யாரும் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொல்லவில்லை. ஓய்வு பெறப் போகிற மனுஷர், விட்டுவிடுவோம் என்றார்களாம். அந்த இரக்கமும் சேர்ந்து சுட்டது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் முச்சந்தி வால்வைத் திறக்கும்போது பள்ளத் தெருவிலிருந்து ஓர் ஆள், மேட்டுத் தெருவிலிருந்து ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். மேட்டுத் தெருக்காரர்கள் நமக்கென்ன என்று வரவில்லை. பள்ளத் தெருவில் முதல் முறைக்கு யார் என்று கேட்டபோது செடிக்காரம்மா தானாகவே நான் போகிறேன் என்றாள்.

விடிந்தும் விடியாத நேரத்தில் அவள் வந்து நின்றாள். காலில் மண் இருந்தது; புதுக் கன்றுகளுக்குப் பை நிரப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள் போல. தண்ணிக்காரர் மூடியை நெம்பித் தூக்கினார். இத்தனை வருஷமாகச் செய்த வேலைதான், ஆனால் பக்கத்தில் ஒருவர் நிற்பது புதிது. சாவி முதல் தடவை பொருந்தவில்லை. மறுபடி இறக்கினார். திருப்பினார். மணிக்கட்டில் இருந்த அந்தப் பழைய அளவில், எந்த வஞ்சனையும் இல்லாமல், சரியாக நிறுத்தினார்.

"இதுதான் சரியான அளவாண்ணே?" என்று கேட்டாள்.

"இதுதாம்மா."

அவள் தலையாட்டினாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் இருங்க. கடைசி வீட்டுக் குழாயப் பாத்துட்டு வந்துடறேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். வளைவு தாண்டியதும் கண்ணிலிருந்து மறைந்தாள். அடுத்த தெருவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வரும் வரை தண்ணிக்காரர் சாவியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.